மற்றவை நேரில்

புதுமைப்பித்தன் தம் மனைவி கமலாவுக்கு எழுதிய கடிதங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அவற்றின் தொடக்க விளிகளோடு நின்றுவிடுகிறார்கள். ஊரையே எள்ளி நகையாடிய பேனா, மனைவியிடம் வந்ததும் இப்படிக் குழைகிறதே என்று ஒரு வியப்பு. இளையபாரதி தொகுத்த நூலின் பெயரே ‘கண்மணி கமலாவுக்கு’. அந்தப் பெயரும் அதே வியப்பை நமக்கு முன்கூட்டியே ஊட்டிவிடுகிறது. ஆனால் விளியைத் தாண்டி உள்ளே போனால் அங்கே இருப்பது வேறு. பணம் அனுப்பியது, அனுப்ப முடியாமல் போனது, இன்னும் சில நாளில் அனுப்பப் போவது. உடம்பு எப்படி இருக்கிறது. ஏன் கடிதம் போடவில்லை. வீடு பார்க்கிறேன், அமைந்ததும் நீ வந்துவிடலாம். கதைகளில் வாசகனை ஓரிடத்தில் நிற்கவிடாத அந்த மனிதர் இங்கே இந்த நான்கைந்து விஷயங்களையே மாற்றி மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறார்.

முதுகலை வகுப்பில் இந்த நூலை வாசிக்கக் கொடுத்தபோது நெசவு வீட்டுப் பிள்ளை ஒருத்தி கேட்டாள்: “என்ன மேம், எங்க அப்பா அம்மா ராத்திரி போன்ல பேசிக்கிற மாதிரியே இருக்கு. இதுல இலக்கியம் எங்க இருக்கு?” அவளுடைய அப்பா தறியை விட்டுவிட்டு பெங்களூருவில் ஒரு சேலைக் கடையில் வேலைக்கு நிற்கிறார். அவள் அதைக் குறையாகத்தான் சொன்னாள். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஆனாலும் அன்றைக்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. பட்டமும் ஆய்வுப் பட்டமும் எனக்குக் கற்றுக்கொடுத்த தமிழ், பிரிவைப் பற்றி ஆயிரம் சொல்லும்; பிரிந்திருக்கும் வீட்டின் அரிசிப் பானையைப் பற்றி ஒன்றும் சொல்லாது. இந்தக் கட்டுரை அந்தப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய பதில்.

பொருள்வயிற் பிரிவு என்பது தமிழ்க் கவிதையின் பழைய முதலீடு. தலைவன் பொருள் தேடிப் பாலை வழியே போகிறான். தலைவி இருக்கிறாள். அவன் போவது பணத்துக்காக என்று தெளிவாகவே சொல்லப்படுகிறது. ஆனால் அந்தப் பணம் எவ்வளவு, எதற்கு, இடைப்பட்ட மாதங்களில் வீடு எதை வைத்து ஓடுகிறது என்பது பாட்டுக்குள் வருவதில்லை. தலைவியின் உடல் மெலிகிறது, வளை கழல்கிறது, பசலை படர்கிறது. சென்ற நாளுக்குச் சுவரில் இட்ட கோடுகளைத் தொட்டுத் தொட்டு விரல் தேய்ந்ததாகக் குறள் சொல்கிறது. சுவர் இருக்கிறது. சுவருக்குள் என்ன நடக்கிறது? மாமியாருக்கு உடம்புக்கு வந்ததா, கடன்காரர் வந்து நின்றாரா, பிள்ளைக்குப் பல் முளைத்ததா? அகத்தில் எவருடைய பெயரையும் சுட்டிச் சொல்லக் கூடாது என்று தொல்காப்பியம் விதிக்கிறது. பெயர் போனால் பெயரோடு ஒட்டிய வீட்டுக் கணக்கும் போய்விடும். இது அகக் கவிதையின் குற்றமில்லை. அதன் அழகே அந்தத் துறவில்தான் இருக்கிறது. நான் சொல்ல வருவது, அந்த அழகில் பழகிய நம் விமரிசனக் கண்ணைப் பற்றி. பசலையைக் கண்டால் இலக்கியம் என்று அடையாளம் கண்டுகொள்கிறோம். கடனைக் கண்டால் வாழ்க்கை வரலாற்றுத் தகவல் என்று அடிக்குறிப்புக்கு அனுப்பிவிடுகிறோம்.

தமிழ் உரைநடையில் கடிதம் ஒரு செல்வாக்கான வடிவமாக இருந்திருக்கிறது. மு. வரதராசனாரின் கடித நூல்கள் ‘அன்னைக்கு’, ‘தம்பிக்கு’, ‘தங்கைக்கு’, ‘நண்பர்க்கு’. குடும்பம் முழுக்க வந்தாயிற்று, மனைவியைத் தவிர. எங்கள் ஊர்க்காரரான அண்ணா, காஞ்சிபுரத்திலிருந்து 1942இல் தொடங்கிய ‘திராவிட நாடு’ இதழில் 1955 முதல் தம்பிக்குக் கடிதம் எழுதினார். பிறகு ‘காஞ்சி’ இதழிலும் தொடர்ந்தார். ஒரு தலைமுறை ஆண்கள் தங்களை அந்தத் தம்பியாகவே எண்ணிக்கொண்டு வளர்ந்தார்கள். என் தாத்தா காலத்துத் தறிக்காரர்கள் நாழியைத் தள்ளியபடியே யாராவது ஒருவர் வாசிக்க அவற்றைக் கேட்டதாகச் சொல்வார்கள். தறிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கோர்வைக்கு நாடா எடுத்துக் கொடுத்த பெண்ணும் அதைக் கேட்டிருப்பாள். அவளும் தம்பிதான் போலும். நடுவீட்டில் ஒருவர் வாசிக்க எல்லோரும் கேட்கத்தக்க கடிதம் அது. கணவனும் மனைவியும் எழுதிக்கொள்வது அப்படிப்பட்டதல்ல என்பதாலேயே அது வடிவமாகக்கூட எண்ணப்படவில்லை.

பெண் எழுதிய கடிதமாக நம் இலக்கியத்தில் நிலைத்திருப்பவற்றில் ஆண் எழுதியவையும் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’ ஒரு பெண் தன் காதலனுக்கு எழுதும் கடிதங்களாக அமைந்த நாவல். பக்கத்து மலையாளத்தில் 1970களில் எஸ்.ஏ. ஜமீல் இயற்றிய ‘துபாய்க் கத்துப் பாட்டு’, வளைகுடாவில் இருக்கும் கணவனுக்கு மனைவி எழுதும் கடிதம். வளைகுடா மனைவிகளின் குரல் என்று அதைத்தான் ஊர் ஊராகப் பாடினார்கள். அதற்குக் கணவன் எழுதும் மறுமொழிப் பாட்டையும் ஜமீலே எழுதினார். இரண்டு பக்கமும் ஒரே கை. இவற்றைக் குறை சொல்லவில்லை, கத்துப் பாட்டு எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்த மனைவிகள் உண்மையில் எழுதிய கடிதங்கள் எந்தப் பெட்டியில் இருக்கின்றன, இல்லை எந்த அடுப்பில் போயின?

கமலாவின் கடிதங்களும் அந்தப் பட்டியலில்தான் வரும். ‘கண்மணி கமலாவுக்கு’ நூலில் நாம் வாசிப்பது புதுமைப்பித்தன் எழுதியவற்றை மட்டுமே. அவர் சென்னையில், பத்திரிகைச் சம்பளத்தில், முதலில் ‘தினமணி’, பிறகு ‘தினசரி’. கமலா நெடுங்காலம் திருவனந்தபுரத்தில், பிறந்த வீட்டில். ஒரு கடிதம் போனால் மறு கடிதம் வந்திருக்கும். அவர் எழுதியவை நம் கையில் இருப்பதற்குக் காரணம், அவற்றைப் பெற்றவர் பத்திரப்படுத்தியதுதான். நாடறிந்த எழுத்தாளரின் ஆவணக் காப்பகமாக இருந்தது ஒரு பெண்ணின் பெட்டி. பட்டணத்தில் சொற்பச் சம்பளத்தில் இடம் மாறி வாழ்ந்த ஆணிடம் அவள் கடிதங்கள் தங்கியிருக்க வாய்ப்பு குறைவு. பத்திரப்படுத்துவதும் வீட்டு வேலைகளில் ஒன்றாக இருந்திருக்கிறது. யாருக்கு அந்த வேலை என்பதும் வழக்கம்போலவே.

ஆகவே இந்த நூலை நான் வாசிக்கும் முறை தலைகீழானது. அவர் என்ன சொல்கிறார் என்பதைவிட, எதற்குப் பதில் சொல்கிறார் என்று பார்க்கிறேன். பணம் தாமதமானதற்கு விளக்கம் சொல்கிறார் என்றால், கேட்டிருக்கிறாள். உடம்பைக் கவனித்துக்கொள் என்று வற்புறுத்தினால், முடியவில்லை என்று எழுதியிருக்கிறாள், அல்லது எழுதாமலே அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் கடிதமில்லை என்று தவித்தால், அவள் எழுதாமல் இருந்திருக்கிறாள். இந்த மௌனம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தபால் தாமதம், குழந்தைக்குக் காய்ச்சல், கார்டு வாங்கக் காசில்லை என்று ஆயிரம் காரணம் இருக்கலாம். கோபமும் ஒரு காரணமாக இருக்கலாம். பிறந்த வீட்டில் கைக்குழந்தையோடு, அடுத்த மணியார்டருக்குக் காத்திருக்கும் பெண்ணுக்குக் கோபத்தைக் காட்ட இருக்கும் ஒரே வழி, எழுதாமல் இருப்பது. நம் ஆய்வுகள் இந்த இடங்களைக் கணவனின் ஏக்கமாக மட்டுமே வாசித்திருக்கின்றன. மறுபக்கத்தில் அது ஒரு மனைவியின் சொல்.

இன்னொன்று கண்ணில் படுகிறது. அவர் வாக்கியங்கள் எதிர்காலத்தில் ஓடுகின்றன. அனுப்புவேன், வருவேன், அழைத்துக்கொள்வேன், அமைந்துவிடும். பத்திரிகை, புத்தகம், பிற்காலத்தில் சினிமா என்று நம்பிக்கை மாறிக்கொண்டே போகிறது. சொந்தமாகப் பர்வதகுமாரி புரொடக்ஷன்ஸ் என்று படக் கம்பெனி தொடங்கி, ‘வசந்தவல்லி’ என்ற படத்தை எடுக்க நினைத்துக் கைப்பொருளை இழந்தவர் அவர். எதிர்காலத்தில் வாழ்வதற்கு வெளியூர் வசதியானது. வீட்டில் இருப்பவளுக்கு அந்த வசதி கிடையாது. இன்றைக்குப் பால், இன்றைக்கு மருந்து, இன்றைக்கு அண்ணியின் முகம். பிறந்த வீட்டில் தங்கியிருக்கும் கல்யாணமான பெண் ஒவ்வொரு வேளைச் சோற்றையும் எப்படி விழுங்குவாள் என்பது நம்மில் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவளுடைய கடிதங்கள் நிகழ்காலத்தில் இருந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். ஊகம்தான். ஆனால் அவருடைய எதிர்காலங்கள் எல்லாமே ஒரு நிகழ்காலத்துக்குச் சொல்லப்படும் சமாதானமாகத்தான் ஒலிக்கின்றன.

பெண்ணிய நோக்கில் இவற்றைத் தள்ளிவிடுகிற வாசிப்பும் உண்டு; அதோடும் எனக்கு முழு உடன்பாடு இல்லை. அன்புச் சொற்கள் பணத்துக்குப் பதிலாகக் கொடுக்கப்படும் சில்லறை, வீட்டு விஷயங்களை விசாரிப்பது தூரத்திலிருந்து செய்யும் அதிகாரம் என்று ஒரு தோழி என்னிடம் வாதிட்டார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. அனுப்புகிறவன் கேட்கலாம், வாங்குகிறவள் கணக்குச் சொல்ல வேண்டும். யார் வந்தார்கள், எங்கே போனாய் என்ற கேள்விகள் அக்கறைக்குள் ஒளிந்துகொண்டு வரும். ஆனால் 1943இல் வெளிவந்த அவருடைய ‘செல்லம்மாள்’ கதையை இந்தக் கடிதங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. மனைவி நோயாளி. கடையிலிருந்து வீடு திரும்பினால் அவள் மயங்கிக் கிடக்கிறாள். அவர் அடுப்பு மூட்டுகிறார், வெந்நீர் வைக்கிறார், வைத்தியரைத் தேடி ஓடுகிறார். பண்டிகைக்காகக் கடையிலிருந்து புடவைகளைக் கொண்டுவந்து அவளைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார். கதை அவளுடைய மரணத்திலேயே தொடங்குகிறது. நாம் வாசிக்கும் தாம்பத்தியம் முழுவதும் ஏற்கெனவே முடிந்துபோன ஒன்று. வெந்நீரும் அடுப்பும் பசலைக்குச் சமமான கனத்தோடு தமிழ்க் கதைக்குள் வந்த இடம் அது. பிரிந்திருந்த காலத்தில், மனைவியின் உடம்பை ஒவ்வொரு கடிதத்திலும் விசாரித்து விசாரித்து, விவரங்களுக்காக ஏங்கிப் பழகிய ஒரு கணவன் அந்தக் கதைக்குப் பின்னால் இருக்கிறான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டு விஷயங்களைச் சத்தம் என்று கழித்துவிட்டால் கதை எங்கிருந்து வந்தது என்பதும் சேர்ந்து கழிந்துபோகும். சில்லறை என்ற தோழியின் சொல்லை நான் மறுக்கவில்லை. சில்லறையில்தான் குடும்பம் நடக்கிறது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன்.

பாரதியிடம் ஒப்பிட்டால் இந்த வேறுபாடு தெளிவாகும். காசியிலிருந்து செல்லம்மாவுக்கு எழுதிய கடிதம் பிரபலமானது, 1901ஆம் ஆண்டினது. கணவனைப் பற்றி ஊரில் யாரோ சொன்னதைக் கேட்டுக் கடையத்தில் இருந்த சிறு பெண் கவலைப்பட்டு எழுதியிருக்கிறாள். கவலைப்படும் நேரத்தில் தமிழ் படித்தால் மகிழ்வேன் என்ற பொருள்பட அவர் பதில் எழுதுகிறார். பெண் கல்வியின் முன்னோடிச் சான்றாக இதை மேடைகளில் சொல்லிக் கைதட்டல் வாங்குகிறோம். நானும் வாங்கியிருக்கிறேன். இப்போது படிக்கும்போது, அவள் கேட்ட கேள்விக்குப் பதில் அங்கே இருக்கிறதா என்று தேடுகிறேன். அவள் கொண்டுவந்தது கவலை, அவர் கொடுத்தது பாடம். புதுமைப்பித்தன் இந்த விஷயத்தில் சாதாரணமான கணவர். பாடம் எடுப்பதைவிட அதிகமாகக் கெஞ்சுகிறார். செல்லம்மா பிறகு 1941இல் வெளிவந்த ‘பாரதியார் சரித்திர’த்தில் தம் பக்கத்தைச் சொல்ல முடிந்தது. அவர் சொல்ல, மகள் தங்கம்மாள் எழுதினார். சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்ற இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு வருகிறேன்.

மனைவியின் கடிதம் கணவன் கைக்கு நேராகப் போய்ச் சேர்ந்த காலம் நம்மிடையே மிகக் குறுகியது. கணிதமேதை ராமானுஜன் 1914இல் கேம்பிரிட்ஜ் போனார். 1919இல் திரும்பினார், 1920 ஏப்ரலில் இறந்தார். கடல் கடக்கும் பிரிவில் பெண்ணை உடன் கொண்டுசெல்வதில்லை என்று தொல்காப்பியத்தில் ஒரு விதி இருக்கிறது. ஜானகியைப் பொறுத்தவரை 20ஆம் நூற்றாண்டிலும் அது நடைமுறையில் இருந்தது. அந்த ஐந்தாண்டுகளில் ஜானகி எழுதியவையும் ராமானுஜன் எழுதியவையும் ஒருவருக்கொருவர் சேராதபடி மாமியார் கோமளத்தம்மாள் நடுவில் மறித்துவிட்டதை அவர் வரலாற்றை எழுதியவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அவள் எழுதவில்லை என்று அவரும், அவர் எழுதவில்லை என்று அவளும் நினைத்திருக்கக் கூடிய ஆண்டுகள். தாயைக் கொடுமைக்காரியாக்கிக் கதையை முடித்துவிடுவது எளிது. வீட்டுச் செய்தி என்பது அதிகாரம். அதைக் கொடுப்பவள் தாயா மனைவியா என்பதில்தான் மகன் யாருடையவன் என்பது அடங்கியிருந்தது. வேறு அதிகாரம் எதுவுமே இல்லாத இரண்டு பெண்கள் ஒரு தபாலுக்காகப் போராடியிருக்கிறார்கள். கணவர் இறந்த பிறகு 70 ஆண்டுகளுக்கும் மேலாக வாழ்ந்து, தையல் வேலை செய்து தன்னைக் காப்பாற்றிக்கொண்ட ஜானகி 1994இல் காலமானார். அந்தக் கடிதங்களில் என்ன எழுதியிருந்தார் என்று நாம் கேட்டிருக்கலாம்.

இந்த வழிமறிப்பு புதிதுமல்ல. சிலப்பதிகாரத்தில் கோவலனுக்குக் கடிதம் எழுதுகிறவள் மாதவி. முதல் கடிதத்தை அவன் வாங்கவே இல்லை. இரண்டாவது, மதுரைக்குப் போகும் வழியில், கோசிகமாணி என்ற அந்தணன் கையில் வருகிறது. பெற்றோருக்குச் செய்ய வேண்டிய பணியையும் விட்டு, குலப்பெண்ணோடு இரவோடு இரவாகப் போனது எதனால், என் குற்றம் என்ன என்று கலங்கும் கடிதம் அது. படித்ததும் தவறு தன்னுடையதே என்று அவனுக்கு உறைக்கிறது. அடுத்து அவன் செய்வதைப் பாருங்கள். இதன் வாசகம் என் பெற்றோருக்கும் பொருந்தும், இதையே அவர்களிடம் கொடு என்று திருப்பியனுப்புகிறான். உரைகாரர்கள் இதைக் கோவலனின் சொல்நயமாக வியப்பார்கள். மாதவிக்கு வந்த பதில் எது? பதில் இல்லை. அவளுடைய மன்னிப்பு வேண்டல், மகன் பெற்றோரிடம் கேட்கும் மன்னிப்பாக உருமாறி, அவளைக் கடந்து போய்விடுகிறது. ஒரு பெண்ணின் அந்தரங்கமான எழுத்து இப்படித்தான் குடும்பச் செய்தியாக மாற்றப்படுகிறது. கூடவே நடந்து வந்த கண்ணகிக்கு அந்தக் கடிதத்தில் என்ன இருந்தது என்று யாராவது சொன்னார்களா என்பதும் காப்பியத்தில் இல்லை.

சொல்ல ஒருவர், எழுத ஒருவர் என்றேனே, அந்த எழுதுகிறவளாக நான் இருந்திருக்கிறேன். அப்பா சில ஆண்டுகள் விஜயவாடாவில் ஒரு ஜவுளிக்கடையில் இருந்தார். அம்மாவுக்குக் கையெழுத்துப் போட மட்டும் தெரியும். நான்காம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதுவேன். நீல இன்லேண்டு லெட்டர். ராட்டையில் பட்டு இழைத்துக்கொண்டே அம்மா சொல்வார். நலம், நலமறிய ஆவல். இப்பவும் இங்கே மழை, தெருவில் பாவு நீட்ட முடியவில்லை. குழித்தறியில் ஈரம் ஏறிவிட்டது. பெரியப்பா வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். பாப்பாவுக்கு இருமல் பரவாயில்லை. நடுவில் சில வாக்கியங்கள் வேகமாக வரும், நான் எழுதத் தொடங்குவதற்குள் ராட்டை நின்றுவிடும். “இத எழுதாத.” என்ன என்று நிமிர்ந்து பார்ப்பேன். “மற்றவை நேரில்னு போட்டு முடி.” ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லக்கூடாததும், பிள்ளை வழியாகக் கணவனுக்குப் போகக்கூடாததும் அந்த இரண்டு சொல்லுக்குள் போய்விடும். கடிதத்தை ஒட்டும்போது அம்மாவே நாக்கில் தொட்டு ஒட்டுவார். அதை மட்டும் என்னிடம் கொடுக்க மாட்டார். அப்பா ஊருக்கு வந்தால் நேரில் பேசிக்கொண்டார்களா என்பது எனக்குத் தெரியாது. வீட்டில் ஒரே அறை. அதில் தறி போக மீதி இடத்தில் ஆறு பேர் படுத்தோம்.

இதனால் எனக்கு ஒரு சந்தேகம் நிலைத்துவிட்டது. நாம் தேடும் அந்தத் தொலைந்த கடிதங்கள் கிடைத்தாலும் அவற்றில் அந்தப் பெண்கள் இருப்பார்களா? எழுதத் தெரிந்தவரின் கை, வாசிக்கப் போகிறவரின் காது, இரண்டையும் எண்ணித்தான் அம்மா தணிக்கை செய்தார். கமலாவுக்கு எழுதத் தெரியும். அதுவும் கதையே எழுதத் தெரியும். கமலா விருத்தாசலம் என்ற பெயரில் அவர் எழுதியவை ‘காசுமாலை’ என்ற தொகுப்பாக வந்திருக்கின்றன. கணவரைப் பற்றி எழுதிய ‘புதுமைப்பித்தனின் சம்சார பந்தம்’ நூலும் அவருடையது. சம்சார பந்தம் என்ற சொல்லில் வீடும் இருக்கிறது, மனைவியும் இருக்கிறாள், கட்டும் இருக்கிறது. அவர் கதைகளைக் கணவரின் நிழலில் வைத்து அளப்பதைத் தவிர நம் விமரிசனம் பெரிதாக எதுவும் செய்துவிடவில்லை. எழுதத் தெரிந்த பெண், ஒரு கடிதத்தில் சொல்லாமல் விட்டதை ஒரு கதையில் சொல்லியிருக்கக் கூடும். அந்தக் கோணத்தில் ‘காசுமாலை’யை வாசிக்க ஒரு மாணவி முன்வந்தால் நான் மகிழ்வேன்.

கடித வகைகளில் மிகச் சிறியதைப் பற்றி ஒரு வார்த்தை. 1880இல் தபால்துறை ஏற்று நடத்தத் தொடங்கிய மணியார்டர், 2015இல் நின்றது. அதன் படிவத்தின் அடியில் ஒரு துண்டுச் சீட்டு இருக்கும். பணம் பெறுகிறவர் கிழித்து வைத்துக்கொள்ளலாம். அதில் இரண்டு மூன்று வரி எழுத இடம். வாடகைக்கு, பள்ளிக்கூடத்துக்கு, சீட்டுக்கு என்று பிரித்து எழுதினால் இடம் முடிந்துவிடும். அன்புக்கு மிச்சமிருப்பது ஓரம்தான். அந்த ஓரத்தில் அப்பா பெரும்பாலும் எதுவும் எழுதியதில்லை. ஒருமுறை “மல்லி வாங்கிக்கொள்” என்று எழுதியிருந்தார். அது கொத்துமல்லியா மல்லிகைப் பூவா என்று நானும் தங்கையும் சண்டை போட்டோம். அம்மா இரண்டையும் வாங்கவில்லை. சீட்டை மட்டும் அஞ்சறைப் பெட்டியின் அடித்தட்டில் வைத்துக்கொண்டார். மஞ்சள் கறை பிடித்து நெடுநாள் அது அங்கே கிடந்தது.

புதுமைப்பித்தன், எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனே போனார். அங்கே காசநோய் முற்றியது. திருவனந்தபுரம் திரும்பி 1948 ஜூன் 30 அன்று இறந்தார். 1946இல் பிறந்த மகள் தினகரிக்கு அப்போது இரண்டு வயது. புனே காலத்துக் கடிதங்களை வாசிக்கும்போது நமக்குத் தெரிந்த தேதி அந்த இருவருக்கும் தெரியாது. குழந்தை பற்றிய விசாரிப்பும் பணம் பற்றிய வாக்குறுதியும் அங்கேயும் தொடர்கின்றன. சாகப்போகிற ஒரு மேதையின் கடைசிச் சொற்கள் என்று தேடுகிற வாசகருக்கு இவை ஏமாற்றமளிக்கும். குடும்பத்தை இருந்த இடத்திலிருந்து தாங்கிப் பிடிக்க முயன்ற ஒருவனின் சொற்கள் என்று வாசித்தால் வேறுவிதமாக இருக்கும். நோயாளியாக அவர் வந்து சேர்ந்தபோதுதான் அவர்கள் கடைசியாக ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். அந்த நாட்களுக்குக் கடிதம் இல்லை. தேவைப்படவில்லை.

அந்தப் பிள்ளை மறுவாரம் எனக்குச் சில தாள்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் வீட்டுத் தினசரி காலண்டரில் கிழித்தவை. இரவு ஒன்பதரை மணிக்கு அப்பா பேசுவாராம். அவருக்குக் கடையில் கணக்கு முடிந்து கிடைக்கும் கால்மணி நேரம் அது. மறந்துவிடக் கூடாது என்று அவள் அம்மா பகலெல்லாம் நினைவுக்கு வருவதை அன்றைய தாளின் பின்பக்கம் குறித்து வைப்பாராம். கேஸ் புக் பண்ணியது. கூட்டுறவுச் சங்கத்தில் ஜரிகை வரவில்லை. தம்பி செருப்பு. ஆயா கண் ஆபரேஷன் தேதி. சீட்டுப் பணம் இரண்டு மாதம். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக். பேசி முடித்ததன் அடையாளம். ஒரு தாளில் கடைசி வரி மட்டும் அழுத்தி அடிக்கப்பட்டிருந்தது, எழுத்தே தெரியாத அளவுக்கு. அது என்ன என்று கேட்டேன்.

“தெரியல மேம். அப்பாகிட்ட சொல்ல வேண்டாம்னு விட்டுட்டாங்க. என்கிட்டயும் சொல்லல.”